மைனி முறையில் ஓர் ஆட்டம்

மக்களே,

இதை நீ எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மலையாளம், ஆபீசில் இங்கிலீஷ், என்னோடு மட்டும் தமிழ் என்று வளர்ந்த என் மகன் நீ. இரண்டாவது பக்கத்தில் கொட்டாவி விட்டுக்கொண்டு நீலாவிடம் நீட்டுவாய். நீட்டு. உன் பெண்டாட்டி நாகர்கோவில்காரி, குரலும் கணீரென்று இருக்கும், சத்தமாக வாசிக்கட்டும். தமிழ்ச் சங்கத்து மலருக்கு என் பந்தாட்ட அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி வெகுநாளாக நச்சரிக்கிறார்கள். எழுத உட்கார்ந்தால் எல்லாம் உனக்குச் சொல்வதாகவே வருகிறது. சரி, முதலில் நீ படி, பிறகு ஊர் படிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

விஷயம் உனக்குத் தெரிந்ததுதான். நான் முன்பு கோச்சாக இருந்த தீவிலிருந்து லித்தியா கூப்பிட்டாள். அன்றைக்கு என் அணியில் பந்தடித்த பெண், இன்றைக்கு அந்த நாட்டின் பெண்கள் கால்பந்துக்கே தலைவி. பள்ளிக்கூடப் பெண்களை வைத்து ஒரு தேசிய அணி கட்டப்போகிறார்களாம். இரண்டு வருஷம் வந்து நில்லுங்கள் கோச், ஓட வேண்டாம், விசில் அடித்தால் போதும் என்றாள். அறுபது தாண்டியவளைக் கூப்பிட அந்தத் தீவில் ஆள் இருக்கிறது பார். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

உன்னிடம் சொன்னேன். நீ போனைப் பார்த்துக்கொண்டே, "அம்மாக்கு இஷ்டம்போல செய்யுங்க. எனக்கு ஒரு பிரஸ்னமும் இல்ல" என்றாய். அடுத்த வாரம் பிளம்பர் வந்து என் குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ள ஸ்டீல் கம்பி பொருத்திவிட்டுப் போனான். அதற்கடுத்து விடியற்காலையில் ரத்தம் எடுக்கிற பையன் வந்து கதவைத் தட்டினான். எல்லாம் நீ அனுப்பியது. நீலாவிடம் கேட்டால், "அத்தே, அவரு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லமாட்டாரு. உள்ளுக்குள்ள கெடந்து வேகுதாரு, பாத்துக்கிடுங்க" என்கிறாள். திங்கட்கிழமை நான் லித்தியாவுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். போவதா இருப்பதா என்பதைவிட, உன் மனசில் என்ன இருக்கிறது என்பதுதான் என்னை அரிக்கிறது. கோபம் இல்லையடா. தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

அந்த ஆசைதான் என்னைப் பந்து பக்கமே தள்ளியது. ஆரியசாலைக் கடைத்தெருவில் உன் தாத்தாவுக்கு வற்றல் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம் என்று கேட்டிருக்கிறாய். மத்தியானம் கடைகள் கண் அயரும் நேரத்தில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் சந்துக்குள்ளே பந்து விளையாடுவார்கள். இரண்டு பக்கமும் மிளகாய் மூட்டை அடுக்கியிருக்கும். பந்து மூட்டையில் பட்டால் போச்சு, சந்து முழுக்கத் தும்மல், தூங்கிக்கொண்டிருந்த முதலாளிமார் எல்லாரும் எழுந்து வந்து வைவார்கள். அதனால் அவர்கள் பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டே போவார்கள். அது எப்படி ஒட்டுகிறது என்று பார்க்கப் போனவள்தான் நான். என் அம்மா எனக்கு வைத்த பட்டப்பெயர் 'எதுக்கு'. எதற்கெடுத்தாலும் எதுக்கு எதுக்கு என்று கேட்பேனாம். "எட்டி எதுக்கு, பாவாடையத் தூக்கிச் சொருகிட்டு எங்கட்டி ஓடுக?" என்று அவள் கத்துவதற்குள் நான் சந்தில் நிற்பேன்.

பிற்காலத்தில் மாநில அணிக்கு ஆடினேன், நாட்டுக்கும் கொஞ்ச காலம் ஆடினேன். நெருக்கடியான இடத்தில் பந்தை விடமாட்டாள் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். மிளகாய் மூட்டைக்குப் பயந்து கற்றது என்று யாரிடமும் சொல்லவில்லை. முழங்கால் போனபிறகு கோச் படிப்பு, பிறகு இந்த ஊரிலேயே பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி. உனக்கு நினைவு தெரிந்த அம்மா அவள்தான். கழுத்தில் விசில், காலில் சேறு, சாயங்காலம் வீட்டில் இல்லாதவள்.

நீ நாலாம் வகுப்பு படிக்கும்போது அந்தத் தீவிலிருந்து அழைப்பு வந்தது. பெண்கள் அணிக்குப் பெண் கோச்தான் வேண்டும் என்று தேடியிருக்கிறார்கள். சம்பளம் குறைவு, தூரம் அதிகம், பெரிய பெயர்கள் ஒருவரும் போகவில்லை. வீட்டில் எல்லாரும் தலையில் அடித்துக்கொண்டார்கள். உன் அப்பா மட்டும் கணக்கு ஆபீசிலிருந்து வந்த சட்டையைக்கூடக் கழற்றாமல், "பின்னே, போகாம இருந்தா அங்க என்ன நடக்குன்னு எப்படித் தெரியும்? போயிட்டு வா. பயல நான் பாத்துக்கிடுதேன்" என்றார். பார்த்துக்கொள்ளவும் செய்தார். அவர் சுட்ட தோசையைத் தின்று நீ வளர்ந்தது பெரிய விஷயம்.

விமான நிலையத்தில் நீ அழவில்லை. என் பையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "அம்மா, அங்க மழ பெய்யுமா?" கடலுக்கு நடுவில் இருக்கிற ஊரில் மழை பெய்யாமலா என்று நான் சிரித்தேன். பூகோளப் பாடத்தில் ஏதோ படித்துவிட்டுக் கேட்கிறான் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தக் கேள்வி இத்தனை வருஷம் எனக்குள் ஒரு மூலையில் கிடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தீவுக்குப் போனால், பெண்கள் ஒவ்வொருத்தியும் தேக்குமரம் மாதிரி இருந்தார்கள். ஓட்டம், உயரம், மூச்சு, ஒன்றுக்கும் குறைவில்லை. ஆனால் பயிற்சி ஆட்டம் வைத்தால் கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி இருந்தது. லித்தியாவுக்கு அப்போது பதினாறு வயது, அணியில் அவளைப்போல் வேகம் யாருக்கும் இல்லை. சலோத்தே என்ற பெரிய பெண் பந்தோடு வந்தால் மட்டும் லித்தியாவின் கால் தானாகத் தளர்ந்துவிடும். வழிவிட்டு நிற்பாள். நானும் கத்திப் பார்த்தேன், தண்டனையாக மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டேன். சிரித்துக்கொண்டே ஓடிவிட்டு மறுபடி வழிவிட்டாள். எனக்கு முன்னால் இருந்த கோச் குளிர்நாட்டுக்காரர். இவர்களுக்கு ரத்தத்தில் வெறி இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

எனக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை லித்தியாவின் வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா தரையில் பலகை போட்டு உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நானும் ஒரு மூடியை எடுத்துத் துருவிக்கொண்டே, உன் மகள் ஏன் சலோத்தேயிடம் பந்தைப் பறிக்கமாட்டேன் என்கிறாள் என்று கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"சலோத்தே அவளுக்கு அக்கா அல்லவா? அக்காவை எப்படி இடிப்பாள்?"

"அக்காவா? அவள் வேறு வீட்டுப் பெண் இல்லையா?"

"அவள் அம்மா என் அக்கா. அப்படியானால் அவள் இவளுக்கு அக்காதானே."

பெரியம்மா மகள்! என் கையிலிருந்த தேங்காய் மூடி நின்றுவிட்டது. கடல் தாண்டி வந்து நம் வீட்டு முறையைப் பார்க்கிறேனே! பெரியம்மா மகள் அக்கா என்றால், மாமன் மகள் யார்? நம்மூரில் மைனி. மைனியைக் கிள்ளலாம், கேலி செய்யலாம், கல்யாண வீட்டில் ஓடஓட விரட்டி மஞ்சள் தண்ணீர் ஊற்றலாம், யாரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். இங்கேயும் அப்படி உண்டா? கேட்டேன். "உன் அண்ணன் மகளை லித்தியா இடிக்கலாமா?"

அவள் தேங்காயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "இடிக்காவிட்டால்தான் அவள் கோபித்துக்கொள்வாள்!"

அந்த வாரம் முழுக்க எனக்கு வேறு வேலை இல்லை. வீடு வீடாகப் போய், யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டேன். பந்து வைக்கிற அறையின் சுவரில் சாக்கட்டியால் பெரிய வம்சக் கொடியே வரைந்தேன். பிறகு பயிற்சி ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது அக்கா தங்கைகளை ஒரே பக்கம் போட்டேன், மைனிகளை எதிரெதிரே நிறுத்தினேன். விசில் அடித்தேன். அடேயப்பா! அதுவரை சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தி மேல் ஒருத்தி பாய்ந்தார்கள். சட்டையைப் பிடித்து இழுப்பதும், விழுந்து புரண்டு சிரிப்பதும், எழுந்து மறுபடி இடிப்பதும், எனக்குக் கண் கொள்ளவில்லை. அந்த முரட்டுத்தனம் காலில் ஏறியபிறகு வெளிநாட்டு அணிகளிடம் அதைக் காட்டுவது அவர்களுக்குப் பெரிய விஷயமாகவே இல்லை. நாங்கள் கோப்பை ஒன்றும் தூக்கவில்லை. ஆனால் முன்பு எங்களை ஊதித் தள்ளியவர்கள் எங்களோடு ஆடி முடித்துவிட்டுப் புல்லில் மல்லாந்து கிடந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

உனக்கு நான் சொல்ல வருவது அந்த வெற்றியை அல்ல. அதற்குப் பிறகு நடந்ததைத்தான். எல்லாம் புரிந்துவிட்டது என்று மிதப்பில் இருந்தேன். அந்த முறைகளில் என்னையே எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை பார். என்னை அத்தையாக வைத்திருந்தார்கள். அங்கே அத்தை என்றால் பெரிய மரியாதை, அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. ஓர் ஆட்டத்துக்கு முன்னால் லித்தியாவிடம், கால் எப்படி இருக்கிறது, ஆடுவாயா என்றேன். ஆடுவேன் என்றாள். பாதி ஆட்டத்தில் சுருண்டு விழுந்தாள். கணுக்கால் முன்பே வீங்கியிருக்கிறது, துணியைச் சுற்றி பூட்ஸுக்குள் திணித்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அத்தையிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது என்றாள்.

அவள் அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். எனக்கு இந்த அத்தை முறை வேண்டாம், மாற்றிக்கொடு என்றேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. தன் அண்ணனைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவருக்கு என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும். உறவுக்காரர்கள் வட்டமாக உட்கார, அங்கே சடங்குக்குக் குடிக்கிற ஒரு வேரை மரத்தொட்டியில் கரைத்து, தேங்காய்ச் சிரட்டையில் மொண்டு கொடுத்தார்கள். குடித்தேன், நாக்கு மரத்துப்போனது. "இன்று முதல் இவள் என் மகள்" என்று அந்த மனிதர் சொன்னார். லித்தியாவுக்கு நான் மாமன் மகள் ஆனேன்.

கால் ஆறியபின் அவள் முதல் நாள் பயிற்சிக்கு வந்தாள். நல்ல மழை. அங்கே மழைக்கு யாரும் ஆட்டத்தை நிறுத்துவதில்லை. நானும் ஆட்டத்தில் இறங்கியிருந்தேன். பந்து என் காலில், சந்தில் ஒட்டுகிற மாதிரி ஒட்டிக்கொண்டு வருகிறது. லித்தியா எதிரே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், ஒரு கணம் தயங்கினாள். பிறகு சறுக்கி வந்து பந்தையும் என் காலையும் சேர்த்து ஒரே தட்டு. நான் முகம் குப்புறச் சேற்றில் விழுந்தேன். நான் சேற்றைத் துப்பிக்கொண்டு சிரித்தபிறகுதான் எல்லாரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் லித்தியா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கோச், நீங்கள் என்னை நடுவில் நிறுத்துவது தப்பு, என்னை ஓரத்தில் ஓடவிடுங்கள் என்றாள். சரியான பேச்சு. அவள் கேட்டபடியே விட்டேன், அந்த நாட்டுக்கே பெயர் வாங்கிக் கொடுத்தாள். விழுந்தவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இப்போது நம் கதைக்கு வா. இரண்டு வருஷம் கழித்து நான் திரும்பி இறங்கினேன். நீ அப்பாவின் தோள் உயரம் வந்திருந்தாய். என் பையை வாங்கிக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா அம்மா?" என்றாய். போகும்போது 'நீ' என்று கூப்பிட்டவன். விருந்தாளியைக் கேட்பதுபோல் 'நீங்க' என்கிறான், நல்ல மரியாதை கற்றுக்கொடுத்திருக்கிறார் உன் அப்பா என்று எனக்குப் பெருமை. ஊரும் அதையே சொன்னது. பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் என்னைப் பார்க்கிறவர்கள் எல்லாம், "என்ன தங்கமான பையன், எதிர்த்து ஒரு வார்த்த சொல்லமாட்டான்" என்பார்கள். என்ன படிக்கப்போகிறாய் என்றால் அம்மா இஷ்டம், எந்த வேலை என்றால் அம்மா இஷ்டம். நீலாவைப் பார்க்கப் போன அன்று மட்டும்தான் காபி டம்ளரைக் கீழே வைக்காமல் உட்கார்ந்திருந்தாய், அதை வைத்து உனக்கு அவளைப் பிடித்துவிட்டது என்று நானே புரிந்துகொண்டேன். அடுத்தவர் வீட்டில் அத்தை முறையைக் கண்டுபிடித்தவள், என் வீட்டில் எனக்கு என்ன முறை கொடுத்திருக்கிறாய் என்று பார்க்கவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நீ அழவே இல்லையேடா.

நீலாவிடமும் நீ இந்த 'இஷ்டம்போல'வைத்தான் பரிமாறுகிறாய் என்று நினைக்கிறேன். வேண்டாம் மக்களே. கல்யாணத்துக்குப் புத்தி சொல் என்று யாராவது கேட்டால் எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். பெண்டாட்டியோடு மைனி முறையில் இரு. இடி, இடி வாங்கு, விழுந்தால் சிரி. வழிவிட்டு நிற்கிறவனோடு எவளாலும் ரொம்ப நாள் விளையாட முடியாது. உன் அப்பாவும் நானும் போட்ட சண்டைகளை நீ ஜன்னல் வழியாகக் கேட்டிருப்பாய். அவர் போனபிறகு எனக்கு ரொம்பக் குறையாகத் தெரிவது அந்தச் சண்டைதான்.

போன வாரம் பெரிய மழை பெய்ததே, அன்று நீ கழக்கூட்டத்து ஆபீசிலிருந்து நேரே என் வீட்டுக்கு வந்தாய். குடையில் தண்ணீர் சொட்டச்சொட்ட, தம்பானூரில் வாங்கிய பழம்பொரிப் பொட்டலத்தோடு. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாய், பெரிதாக ஒன்றும் பேசவில்லை, போய்விட்டாய். எதற்கு வந்தான் என்று எனக்குப் புரியவில்லை. 'எதுக்கு' சும்மா இருப்பாளா, நீலாவுக்குப் போன் போட்டேன். அவள் சொன்னாள்:

"மழ பெஞ்சா அவரு அங்கதான் வருவாரு அத்தே, நீங்க கவனிக்கல்லியா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து நான் பாக்கேன். எதுக்குன்னு கேட்டா, தெரியாது, சும்மா போணும்னு தோணுதுன்னுவாரு."

போனை வைத்தபிறகுதான் பழசு நினைவுக்கு வந்தது. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது மழை வந்தால் இங்கே மைதானம் குளமாகிவிடும். வாச்சர் கேட்டைப் பூட்டிவிடுவார். பயிற்சி கிடையாது. அந்த நாட்களில் மட்டும்தான் நீ பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நான் வாசலில் நிற்பேன், உன் தலையைத் துவட்டுவேன், இரண்டு பேரும் சேர்ந்து எதையாவது பொரித்துத் தின்போம். "அம்மா, அங்க மழ பெய்யுமா?" நீ பூகோளம் கேட்கவில்லை. எனக்கு இத்தனை வயதுக்குப் பிறகு இப்போதுதான் உறைத்தது. அழுதேன் என்று எழுத எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அந்தக் கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். பெய்தது மக்களே, கொட்டித் தீர்த்தது. ஆனால் அங்கே யாரும் கேட்டைப் பூட்டவில்லை.

எனக்குப் போக ஆசையாக இருக்கிறது. உன்னிடம் மறைக்கமாட்டேன். அந்தப் புதுப் பெண்களில் யாருக்கு யார் மைனி என்று தெரிந்துகொள்ள உள்ளங்கால் அரிக்கிறது. இங்கே இருக்கவும் ஆசையாக இருக்கிறது. நீயும் நீலாவும் என்ன ஆகப்போகிறீர்கள் என்று பார்ப்பதைவிட எனக்குப் பெரிய வேடிக்கை வேறு இல்லை. நீ வேண்டாம் என்று சொன்னால் இருந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. சொன்னாலும் ஒருவேளை போவேன், நாம் சண்டை போட்டுத்தான் தீர்க்க வேண்டியிருக்கும். ஆனால் நீ கால் வைக்காமல் வழிவிட்டு நின்ற பந்தைக் கொண்டுபோய் கோல் அடிக்க எனக்குப் பிடிக்கவில்லை. ஒருதடவை எதிரே வா. போகாதே என்றால் போகாதே என்று சொல், போ என்றால் மனசாரப் போ என்று சொல். அன்றைக்கு ஏன் போனாய் என்று கேட்க வேண்டுமானால் அதையும் கேள். 'நீங்க'வை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வா. நான் விழுந்தால் எழுந்துகொள்வேன், பழக்கம் உண்டு. அதுதான் சுவரில் கம்பி வேறு போட்டுக் கொடுத்திருக்கிறாயே.

ஞாயிற்றுக்கிழமை வா. வெயிலடித்தால் காலையில் மைதானத்தில் பிள்ளைகளோடு இருப்பேன், அங்கேயே வா. மழை பெய்தால் வீட்டுக்கு வா. மழை பெய்தால் அம்மா வீட்டில்தான் இருப்பேன்.